சுக்கான் கட்டையும் ஒரு பரவாயில்லையும்

அன்புள்ள பாப்பா,

கல்யாணம் நிச்சயமான பெண்ணை இன்னும் பாப்பா என்று எழுதுகிறேனே என்று உன் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறாள். போகட்டும். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். நான் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அதை வெறுமனே கேட்டால் வழக்கம்போல ஒரு வார்த்தையில் தட்டிக் கழித்துவிடுவாய். அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரப்போகிறேன். பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை நம் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். நீயும் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்தாய். இரண்டு பேரும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. அடுப்படியில் காபிக்கு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். நம் வீட்டு அடுப்படியில் நின்றால் முன்னறையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா? கல்யாணம் முடிந்ததும் நீ இந்த வேலையை விட்டுவிட்டு பெங்களூர் வருவதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம், "உன்னோட அந்த போட்டை என்ன பண்ணலாம், வித்துரலாமா?" என்றார். நீ "பரவால்ல" என்றாய். அவ்வளவுதான். அவர் நிம்மதியாக முறுக்கைக் கடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு டம்ளர் கழுவுகிற கை நின்றுவிட்டது.

அந்தப் பரவாயில்லை எந்தப் பரவாயில்லை? இதுதான் என் கேள்வி. உன் வேலையும் உன் படகும் அந்த ஒரு வார்த்தையில் போகுமா இருக்குமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் இந்த வார்த்தையில் நானே ஒரு தடவை தலைகுப்புற விழுந்திருக்கிறேன். உன் படகுக்கு ஸ்டியரிங் வீல் வைத்த கதையைத்தான் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதில் என் பக்கத்தை நீ கேட்டதில்லை.

கடல் எவ்வளவு கரையைத் தின்றிருக்கிறது என்று அளக்கிற வேலை உனக்குக் கிடைத்தபோதே, இதையெல்லாம் ஆள் வைத்து அளப்பார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் ஒருநாள், ஊரைவிட்டுப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சின்னதாக ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறேன் என்றாய். என்ஜின் உண்டா என்றேன். இல்லை என்றாய். பிரேக்? அதுவும் இல்லை. பிறகு எதை நம்பி ஏறுகிறாய் என்று கேட்டதற்கு "வந்து பாருங்கப்பா" என்றாய். அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டுப் பண்ருட்டி வழியாக பஸ் பிடித்து வந்துவிட்டேன். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அரியாங்குப்பம் ஆற்றில் அன்றைக்கு நீ என்னைப் பின்னால் உட்கார வைத்து, படகைத் திருப்புகிற சுக்கானோடு சேர்ந்த அந்த நீளக் கட்டையைக் கையில் கொடுத்தாய். "வலப்பக்கம் போகணும்னா இடப்பக்கம் தள்ளுங்கப்பா" என்றாய். மண்டைக்குப் புரிந்தது. கட்டையை இடப்பக்கம் தள்ளினால் தண்ணீருக்குள் இருக்கிற பலகை வலப்பக்கம் திரும்பும், படகின் மூக்கும் வலப்பக்கம் போகும். கணக்குச் சரி. ஆனால் முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டின கை கணக்குப் பார்க்குமா? எதிரே வலை காயப்போட்டிருந்த மூங்கில் கழிகள் வந்ததும் பதறிப்போய் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கட்டையைத் தள்ளிவிட்டேன். நேரே கழிக்குள் போய் நின்றோம். வலைக்காரர் திட்டவில்லை. ஐயாவுக்கு என்ன வேலை என்று உன்னிடம் கேட்டார். மைன்ஸில் நிலக்கரி கொண்டுபோகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று நீ சொன்னாய். "அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைப் பிரிக்க ஆரம்பித்தார். இன்றைக்கு வரை எனக்கு அந்த அதானுக்கு அர்த்தம் தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் வந்தபோதெல்லாம் முன்பக்கம் மிக்சர் பொட்டலத்தோடு உட்கார்ந்துகொண்டேன். காற்று வாங்கத்தான் வந்தேன், நீயே ஓட்டு என்பேன். நீ அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். ரிட்டயர் ஆகிற நாள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, அப்புறம் என்ன செய்வேனோ என்று நான் வீட்டில் ஒவ்வொரு குழாயாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா உன்னிடம் புலம்பியிருப்பாள். ஒருநாள் போன் செய்தாய். "அப்பா, கட்டையை எடுத்துட்டு கார் மாதிரி ஸ்டியரிங் வீல் வெச்சா என்ன? மழை சீசனுக்குப் படகைக் கரையேத்தணும். நெய்வேலிக்கே அனுப்பறேன், நீங்களே பண்ணிடறீங்களா?" என்றாய். நான் பிடித்துக்கொண்டேன். வீல் எவ்வளவு பெரிசு, கம்பி எவ்வளவு கனம், கப்பி எங்கே என்று அப்போதே கேள்விமேல் கேள்வி. உனக்கு வீல் வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை.

படகு லாரியில் ஏறி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்குள் வந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். செக்யூரிட்டி இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதை எங்கே சார் விடப்போறீங்க என்று கேட்டார். முந்தின வருஷம்தான் கடலூர் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மிதந்தது. அதனால் நம் பிளாக்கில் போகிறவன் வருகிறவன் எல்லாம், சார் அடுத்த மழைக்கு இப்பவே ரெடியாகிட்டார் என்று கிண்டல். படகைப் பார்த்துப் பயந்ததோ என்னவோ, அந்த வருஷம் மழையே பெய்யவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்றார்கள். ஆறுமுகத்தை உனக்குத் தெரியும், காடாம்புலியூரிலிருந்து வந்து கான்ட்ராக்டில் வெல்டிங் பார்க்கிறவன், என் பெல்ட்டுக்கு அடியிலேயே பாதி நாள் கிடந்தவன். அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்தான். "இன்னா சார், வூட்டு வாசல்ல கப்பல நிறுத்திக்கினு இருக்கீங்க" என்றான். விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கே மெஷினைக் கொண்டுவந்துவிட்டான்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. காயலான் கடையில் ஒரு பழைய ஜீப்பின் ஸ்டியரிங் வீல் கிடைத்தது. துருப்பிடிக்காத பைப்பை வளைத்து, அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு. வீலுக்குப் பின்னால் ஒரு உருளை, அந்த உருளையில் நாலு சுற்றுக் கம்பிக் கயிறு. கயிற்றின் ஒரு முனை இடப்பக்கக் கப்பி வழியாகவும் மறுமுனை வலப்பக்கக் கப்பி வழியாகவும் போய் சுக்கானைப் பிடித்துக்கொள்ளும். வீலைத் திருப்பினால் ஒரு பக்கம் சுருட்டும், மறுபக்கம் விடும். கட்டையை முழுசாக எடுத்தால் கயிறு கட்ட இடமில்லை, அதனால் ஒரு சாண் விட்டுவிட்டு வெட்டலாம் என்றான் ஆறுமுகம். கட்டை நல்ல தேக்கு. அதில் கை பிடித்துப் பிடித்து வழுவழுப்பான ஒரு இடம் இருந்தது. எனக்கு என்னவோ வெட்ட மனசு வரவில்லை. கட்டையைக் கழற்றிப் படகுக்குள்ளேயே வைத்துவிட்டு அந்த இடத்தில் இரும்பில் ஒரு குட்டைக் கை செய்து மாட்டினோம்.

எல்லாம் முடிந்து, மைன்ஸில் எந்த மெஷினுக்கும் செய்கிற மாதிரி, சுமை ஏற்றாமல் ஓட்டிப் பார்க்கிற நோ லோடு ட்ரையல் எடுத்தோம். நான் வீலை வலப்பக்கம் திருப்பினேன். பின்னால் நின்று பார்த்த ஆறுமுகம், குட்டைக் கை வலப்பக்கம் போகிறது என்றான். இடப்பக்கம் திருப்பினேன், இடப்பக்கம் போனது. ஓகே சார் என்றான். இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம். அம்மா எல்லோருக்கும் கேசரி கிளறினாள். தரையில் நின்ற படகு என்பதால் அது எந்தப் பக்கம் போகும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மழை சீசன் முடிந்து, ஆறுமுகத்தையும் கூட்டிக்கொண்டு வந்து படகை ஆற்றில் இறக்கின அன்றைக்கு நடந்ததை நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாய், நானும் சொல்லிக்கொள்கிறேன். கம்பீரமாக நின்று வீலை வலப்பக்கம் திருப்பினேன். படகு இடப்பக்கம் போனது. இன்னும் நன்றாகத் திருப்பினேன், இன்னும் நன்றாக இடப்பக்கம் போனது. கட்டை வலப்பக்கம் போனால் படகு இடப்பக்கம் போகும் என்று உன்னிடம் பாடம் கேட்ட அதே ஆள், அதே தப்பை இரும்பில் செய்து நட்டு போட்டு முறுக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். நீ சிரித்துச் சிரித்துப் படகின் அடிப்பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆறுமுகம்தான் அசரவில்லை. "மோட்டாரு ரிவர்ஸ்ல ஓடுனா இன்னா சார் பண்ணுவோம்? ரெண்டு ஒயர மாத்திக் குடுப்போம்ல. இதுவும் அதான்" என்றான். கரைக்கு வந்து கயிற்றின் இரண்டு முனைகளையும் பக்கம் மாற்றிக் கட்டினோம். படகு சொன்ன பேச்சைக் கேட்டது.

அப்போது நீ வீலைப் பிடித்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாய். எப்படிம்மா இருக்கு என்று கேட்டேன். "பரவால்லப்பா" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தெற்கத்திப் பக்கத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், எவ்வளவு ருசியாக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் புகழ்ந்தால் கண் பட்டுவிடும். பாப்பாவே பரவாயில்லன்னுட்டா என்று திரும்பி வருகிற வழியெல்லாம் ஆறுமுகத்திடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவனுக்குக் காது புளித்திருக்கும்.

அதற்கப்புறம் சில மாதம் நான் ராஜாதான். வரும்போதெல்லாம் வீல் என் கையில். ஒருநாள் காலையில் காற்று கொஞ்சம் பலமாக இருந்ததால் நீ ஓட்டினாய். நான் முன்பக்கம் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று தூக்கி அடிக்கும்போதெல்லாம் நீ முழங்காலால் வீலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, பின்னால் குனிந்து சுக்கானின் தலைமேல் உள்ளங்கையை வைத்தாய். எடுத்தாய். மறுபடி வைத்தாய். எனக்குப் பெல்ட் ஞாபகம் வந்தது. ஓடுகிற பெல்ட்டின் சட்டத்தில் நானும் அப்படித்தான் கைவைப்பேன். பேரிங் சரியில்லை என்றால் சத்தம் வருவதற்கு முன்னால் கைக்குத் தெரியும். இவள் எதையோ தேடுகிறாள் என்று தோன்றியது. என்னம்மா பார்க்கிறே என்றேன். ஒண்ணுமில்லப்பா என்றாய். நான் விடுவேனா? படகைக் கரையில் கட்டுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னாய்.

"கட்டை இருந்தப்போ தண்ணி எங்க இழுக்குது, எங்க விடுதுன்னு கையிலயே தெரியும்பா. காத்து மாறப்போகுதுன்னா முன்கூட்டியே தெரியும். இப்ப வீல்ல எதுவும் வரல. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டற மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் நல்லாருக்குன்னு சொன்னே?"

"நான் எங்க நல்லாருக்குன்னு சொன்னேன்? பரவால்லன்னுதானே சொன்னேன்."

"பரவால்லன்னா நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?"

"இல்லப்பா. போனா போகுதுன்னு அர்த்தம்."

நான் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். வேண்டாம்பா, நீங்க ஓட்டறதுக்குத்தான் வெச்சது என்றாய். அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. பெண்ணுக்கு நான் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்பன் முன்பக்கம் மிக்சர் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நீ உனக்குப் பிடித்ததைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணில் தூசி என்றேன். ஆற்றில் ஏது தூசி என்று நீ கேட்கவில்லை. அதற்கும் சேர்த்து உன்மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

வீலை அன்றைக்கே கழற்றினேன். பழைய கட்டையை மறுபடி மாட்டினோம். நீ எனக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தாய். வலம் இடம் எல்லாம் மறந்துடுங்கப்பா, எதுமேல இடிக்கக் கூடாதோ அதைப் பாத்துக் கட்டையைத் தள்ளுங்க, படகு தானா விலகிடும் என்றாய். முதலில் உடம்பு மறுத்தது. பயப்படுகிற பக்கம் பார்த்துக் கட்டையைத் தள்ளு என்றால் எந்தக் கை கேட்கும்? நாலைந்து தடவை ஆனதும் பழகிவிட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். வீலும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். உனக்கு என்ன வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதனால் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் தேவையில்லாத ஒன்றைச் செய்து முடித்தோம்.

அன்றையிலிருந்து எனக்கு இந்த வார்த்தைமேல் ஒரு கண். டவுன்ஷிப்பில் யார் பரவாயில்லை சொன்னாலும் நின்று கவனிப்பேன். பஸ்ஸில் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துவிட்டால் "பரவால்ல, பரவால்ல" என்று இரண்டு தடவை வரும். அது வலிக்கிற பரவாயில்லை. கோலத்தைப் பார்த்துவிட்டு "பரவால்லையே" என்று இழுத்தால் அது மெச்சுகிற பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னாரே, அது என்ன ஜாதி என்று இன்னும் பிடிபடவில்லை. ஒன்றும் இழுக்காமல், தலை கொஞ்சம் தாழ்ந்து, மூச்சோடு சேர்ந்து சட்டென்று வருவது ஒன்று இருக்கிறது. அது விட்டுக்கொடுக்கிற பரவாயில்லை. அதைச் சொல்கிறவர்கள் அடுத்த நொடி எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் பெரிய ஆராய்ச்சி மாதிரி அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "நீங்க ராத்திரி ஷிப்ட் மாத்தி வாங்கிக்கிட்டப்பல்லாம் நான் சொன்னது எதுன்னு நெனச்சீங்க?" என்றாள். எது என்றேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் சொன்னபோது உன் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும்தான் கேட்டது. இழுக்கவில்லை. சட்டென்று வந்தது. உடனே தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து வந்தாய். நான் காபி கொண்டுபோனபோது சொம்பு நிறையத் தண்ணீர் அவர் பக்கத்திலேயே இருந்தது.

மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை பாப்பா. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள். நல்ல பையன். பேச்சில் வஞ்சகமில்லை. அன்றைக்கு ஆற்றங்கரையில் என் முகம் எப்படி மலர்ந்ததோ அப்படித்தான் அப்போது அவர் முகமும் மலர்ந்திருந்தது. அவர் ஊரான கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் பரவாயில்லை என்றால் நல்லதுதான் போலிருக்கிறது. அவர் உன்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. கேட்டார், நீ கொடுத்துவிட்டாய். தான் வாங்கிக்கொண்டது என்ன என்றே அவருக்குத் தெரியாது. எனக்காவது உன்னைக் குனிந்து கைவைக்கப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு சுக்கான் இருந்தது. பெங்களூரில் அவர் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்?

ஒருவேளை நான் நினைப்பது முழுக்கத் தப்பாகவும் இருக்கலாம். கடற்கரையை அளந்து அளந்து உனக்கே சலித்திருக்கலாம். அவரோடு புது ஊரில் புதிதாக எதையாவது தொடங்க உனக்கு ஆசை இருக்கலாம். அப்படியென்றால் எனக்குச் சந்தோஷம்தான், நானே நின்று படகை விற்றுத் தருகிறேன். ஆனால் எனக்கு அதை வாயால் சொல். விற்றுவிடலாம் என்றால் விற்றுவிடலாம் என்று சொல். முடியாது என்றால் முடியாது என்று சொல். இரண்டும் தெரியவில்லை, யோசிக்க வேண்டும் என்றால் அதைச் சொல். என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொன்னால் இன்னும் நல்லது. அவர் வருத்தப்படுவாரோ என்று பயப்படாதே. தெரிந்திருந்தால் நான் வீலை முதல் நாளே கழற்றியிருப்பேன். அவரும் அப்படிப்பட்டவர்தானா என்று கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது உனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

அம்மா என்னைத் திட்டுகிறாள். நிச்சயம் முடிந்த பிறகு பெண்ணைக் குழப்புகிற அப்பன் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் என்கிறாள். எல்லாப் பெண்ணும் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும் என்கிறாள். போகட்டும், அனுசரிக்கட்டும், எதை அனுசரிக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்றேன். ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

நேற்று பண்ருட்டிக்குப் போயிருந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் உன் பேரும் மாப்பிள்ளை பேரும் போட்டு மாதிரிப் பத்திரிகை தயாராக இருந்தது. பிழை திருத்திக் கொடுத்தேன். தங்க நிற எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு, "அடிச்சுடலாங்களா சார்?" என்று கேட்டார். தலையாட்டத்தான் போனேன். "கொஞ்சம் இருங்க, பொண்ண ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ண இன்னுமா சார் கேக்கல?"

நான் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். அந்த மாதிரிப் பத்திரிகை அவர் மேஜைமேல்தான் இருக்கிறது. கேட்கிறேன் பாப்பா. சொல்லு.

அப்பா